ஹெட்லைட் ஹேலோ ரிங் கிட்: ஒளி அருமை, டேப் மோசம்

ஹேலோ ரிங் என்பது ஹெட்லைட்டுக்குள் பல்பைச் சுற்றி ஒளிரும் எல்இடி வளையம். இது சிஓபி வகை (சின்னச் சின்ன எல்இடி சிப்கள் ஒரே பலகையில் நெருக்கமாகப் பதித்தது) என்பதால் ஒளி புள்ளி புள்ளியாகத் தெரியாமல் ஒரே கோடாக விழுகிறது. கிட்டில் இரண்டு வளையம், இரண்டு டிரைவர் (எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சின்னப் பெட்டி), இரட்டைப் பக்க டேப் உண்டு. வளையம் உட்காரும் இடத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்த பிறகே வாங்குங்கள்.

ஹெட்லைட்டைப் பிரிப்பதுதான் பாதி வேலை. பல்பு, ரப்பர் மூடி, ஸ்க்ரூ, கிளிப் எல்லாம் முதலில் கழல வேண்டும். ஒரு ஸ்க்ரூ விட்டுப்போனாலும் இழுக்கும்போது ஓரம் விரிசல் விடும். முன் கண்ணாடியை ஒட்டியிருப்பது பியூட்டைல் (சூட்டில் இளகும் ரப்பர் போன்ற பசை) என்றால், ஓவனில் சுமார் 100 டிகிரி செல்சியஸில் 7 முதல் 10 நிமிடத்தில் இளகும். சூட்டுக்கு இளகாத பசை போட்டிருந்தால் தொடவே வேண்டாம்.

கிட்டின் டேப்பை நம்பாதீர்கள். பல்பின் சூட்டில் கழன்று வளையம் சாய்ந்துவிடும். இரண்டு பாகத்தைக் கலந்து பூசும் எபாக்ஸி பசையை நான்கு இடத்தில் வைத்தால் போதும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் ஆகாது. அதன் ஆவி உள்ளே படியும்.

எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டைத் தாண்டும், எனவே டிரைவரைத் தவிர்த்து நேரடியாக இணைத்தால் எல்இடி கருகும். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸிலிருந்து இணைப்பு எடுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி இறங்கும். மூடும் முன்பே எரியவிட்டுப் பாருங்கள். எரியவில்லையென்றால் பெரும்பாலும் ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கும்.

பழைய பியூட்டைலைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஒயர் வெளிவரும் துளையில் ரப்பர் வளையம் இல்லையென்றால் முதல் மழையிலேயே உள்ளே பனி படரும்.