குளத்துப் பாசியா, துணிப் பாசியா? அறுவடையில்தான் இருக்கிறது விஷயம்

கழிவுநீரை நுண்பாசியை வைத்துச் சுத்தம் செய்வது என்று முடிவெடுத்த பிறகு வரும் முதல் தலைவலி, பாசியை எதில் வளர்ப்பது என்பது. துடுப்புச் சக்கரம் நீரைச் சுற்றி ஓடவைக்கும் ரேஸ்வே குளத்திலா (ஓட்டப்பந்தயப் பாதை வடிவில் ஆழமில்லாத குளம்), மூடிய கண்ணாடிக் குழாய்களிலா, இல்லை சுழலும் துணியில் படரவிட்டா? நான் குளத்தில் ஆரம்பித்து, ஒன்றரை வருடம் கழித்துத் துணிக்கு மாறியவன். அதனால் நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

குழாய்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஒரே இனப் பாசியை வளர்த்து விலை உயர்ந்த பொருள் எடுப்பவர்களுக்கு அது சரி. கழிவுநீர் என்றால் உள்சுவரில் படலம் ஒட்டி வெளிச்சத்தை மறைக்கும், பாசி விடும் ஆக்சிஜன் உள்ளேயே தேங்கி வளர்ச்சியைக் கெடுக்கும், வெயிலில் சூடேறும். கழுவியே ஓய்ந்துபோவோம்.

குளம் அப்படியில்லை. 1950களில் கலிபோர்னியாவில் பாசிக்குள ஆய்வாளர் வில்லியம் ஆஸ்வால்ட் வகுத்த வழி இன்றும் நிற்கிறது: சுமார் 30 செ.மீ. ஆழம், மெதுவாக ஓடும் நீர், சில நாள் தங்கல். பாசி தரும் ஆக்சிஜனை வைத்து பாக்டீரியா அழுக்கைச் சிதைக்கும், அதில் வரும் கார்பன் டை ஆக்சைடைப் பாசி எடுத்துக்கொள்ளும். காற்றூதும் ப்ளோயர் தேவையில்லை. காற்றூதி பாக்டீரியாவை வளர்த்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் வழக்கமான ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் நிலையத்தில் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதி அந்தக் காற்றுக்கே போகிறது என்பதால் இது சின்ன லாபமில்லை. பச்சைப்பசேல் என்று குளம் மாறியபோது நானும் கண்டபடி சந்தோஷப்பட்டேன்.

அப்புறம்தான் அறுவடை. கழிவுநீரில் இருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாசிக்குள் போய்விட்டன, சரி, ஆனால் பாசி இன்னும் தண்ணீரில்தானே இருக்கிறது? அதை வெளியே எடுக்காதவரை எதுவும் நீங்கவில்லை, சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். பாசி செத்து அழுகினால் எல்லாம் திரும்பவும் நீருக்கே வந்துவிடும். குளோரெல்லா மாதிரி 5 மைக்ரான் பாசி செல் தானாக அடியில் படியும் என்று காத்திருந்தால் ஒரு நாளில் சில சென்டிமீட்டர்தான் இறங்கும், போதாததற்கு எல்லா செல்லின் மேலும் ஒரே மாதிரி நெகட்டிவ் மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். லிட்டருக்கு அரை கிராம் பாசி என்று வைத்துக்கொண்டால்கூட, 1 கிலோ காய்ந்த பாசிக்கு 2,000 லிட்டர் தண்ணீரைப் பிரித்தாக வேண்டும். வேகமாகச் சுழற்றிப் பாசியைப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் வைத்தால் ப்ளோயரில் மிச்சம் பிடித்த மின்சாரம் அங்கே போய்விடும். நான் படிகாரம் போட்டேன். நன்றாகவே திரண்டது, ஆனால் அலுமினியம் கலந்த அந்தச் சேற்றை உரமாகக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, மூட்டை மூட்டையாகக் கிடந்தது.

துணியில் இந்தப் பிரச்சினையே தலைகீழ். பட்டையாகச் சுழலும் துணியின் கீழ்ப்பாதி நீரில் நனையும், மேல்பாதி வெளிச்சத்துக்கு வரும். பாசி ஒட்டியே வளர்வதால் வாரம் ஒருமுறை ரப்பர் பட்டையால் வழித்தால் போதும், கெட்டிச் சட்னி பதத்தில் வரும். அதில் பத்தில் ஒரு பங்காவது திடப்பொருள், அதாவது அதே 1 கிலோவுக்கு 2,000 லிட்டரோடு மல்லுக்கட்டாமல் சுமார் 10 லிட்டர் கூழை வெயிலில் காயவைத்தால் முடிந்தது. முழுக்கச் சுரண்டக் கூடாது, மெல்லிய படலம் விட்டுவைத்தால் சீக்கிரம் திரும்ப வளரும். தள்ளிப்போட்டாலும் தப்பு: அடி அடுக்குக்கு வெளிச்சம் கிடைக்காமல் செத்து, படலம் பாளமாகக் கழன்று நீரில் விழும். கழிவுநீர் கலங்கலாக இருந்தாலும் வெளிச்சம் மேலேயே கிடைத்துவிடுவது கூடுதல் வசதி.

தொல்லை இல்லாமல் இல்லை. பருத்திக் கேன்வாஸில் பாசி பிரமாதமாக ஒட்டியது, ஆனால் மக்கிக் கிழிந்தது. செயற்கை இழைக்கு மாற்றினேன், ஒட்டவே பல வாரம் எடுத்துக்கொண்டது. தாங்கி உருளைகளின் பேரிங்கை அடிக்கடி பார்க்க வேண்டும். குளத்தில் ரோட்டிஃபர் என்ற நுண்ணிய நீர்ப்பிராணிக் கூட்டம் சில நாளில் பாசியைத் தின்று தீர்த்த அனுபவம் உண்டு, துணியில் அந்த வேலையைப் பூச்சிப் புழுக்கள் பார்க்கின்றன, கொஞ்சம் மெதுவாக.

என்னுடையது சின்ன அமைப்பு, அதில் போனது வீட்டுக் கழிவுநீர் மட்டும். சாயப்பட்டறை நீர், உலோகம் கலந்த நீர் பற்றியெல்லாம் இதை வைத்துப் பேச மாட்டேன். நிலம் தாராளமாக இருந்து, வெளிவரும் நீர் பாசியோடு அப்படியே வயலுக்குப் போகிறது என்றால், அறுவடைத் தொல்லையே கிடையாது. அப்போது நானும் குளத்தைத்தான் வெட்டியிருப்பேன்.