பாட்டா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியும் நாகர்கோவில் கடையும்

இங்கிலாந்துத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் லைசன்ஸ் புதுப்பிக்கும் முன் நாகர்கோவிலில் உள்ள இந்தக் கடையில் ஒருமுறை சீரியல் நம்பரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கடைப் பெயர் போடவில்லை, ஊரில் துப்பாக்கிக் கடை என்று கேட்டாலே கை காட்டிவிடுவார்கள். எங்கள் பாட்டா ரப்பர் தோட்டத்தில் பன்றி விரட்ட வைத்திருந்த பர்மிங்காம் 12 போர் (போர் என்பது குழல் அளவு) துப்பாக்கி, இப்போது என் பெயரில் இருக்கிறது. கடைக்கார அண்ணாச்சி குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றி, பேரலை (குழலை)த் தூக்கி, அதன் தட்டையான அடியில் சாக்பீஸ் பொடியைத் தேய்த்தார், துருவுக்குள் கிடந்த எண் பளிச்சென்று வந்தது. லைசன்ஸில் 8 என்று இருந்த இடத்தில் இரும்பில் 3! பழைய பதிவை எழுதியவர் கண்ணாடி போடவில்லை போல. விசையைச் சுற்றியிருக்கும் வளையமான டிரிகர் கார்டிலும் அதே எண்தானா என்று பார்த்த பிறகுதான் குறித்துக் கொடுத்தார். வைர வடிவக் கட்டத்துக்குள் இருக்கும் 12 தோட்டா அறையின் அளவு, கிரீடத்தோடு இருக்கும் பிவி (BV) என்ற எழுத்துகள் சோதனை முத்திரை, இதையெல்லாம் சீரியல் என்று எழுதிவிடக் கூடாது என்றும் சொன்னார்.

எண் மங்கிவிட்டதே, நீங்களே கொஞ்சம் ஆழமாக வெட்டிவிடுங்கள் என்று கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டார். 1959 ஆயுதச் சட்டப்படி அடையாள எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் குற்றம், மெருகு போடுகிறேன் என்று உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பவர்களும் மாட்டிக்கொள்வார்களாம்.

குறை என்றால் காத்திருப்புதான், தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஒப்படைக்க வருகிற கூட்டத்தில் நுழையவே முடியாது. அப்புறம், ரசீது கேட்டால்தான் தருவார்கள்.