650 டாலருக்கு மடிப்புக் கோடு

கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய சினிமா போஸ்டர்கள் கைமாறும் ஓர் இணையச் சந்தையில் 650 டாலரைத் தொலைத்துவிட்டேன். 'தி ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ', 1975. கறுப்புப் பின்னணியில் சிவந்த உதடுகள் மட்டும் இருக்குமே, அதே வருடம் வந்த 'ஜாஸ்' என்ற சுறாப் படத்தைக் கிண்டலடித்து, அந்த போஸ்டர்.

விற்றவரின் பேச்சில்தான் விழுந்தேன். முதலில் படுத்துப்போன இந்தப் படம் 1976 ஏப்ரலில் நியூயார்க்கின் வேவர்லி தியேட்டரில் நள்ளிரவுக் காட்சியாகப் பிழைத்துக்கொண்டதே, அந்தக் கூட்டத்தில் தானும் இருந்தாராம். கல்யாணக் காட்சிக்குத் திரையைப் பார்த்து அரிசி வீசினாராம். படத்தில் வருவதுபோல் கார்செட்டும் (இடுப்பை இறுக்கும் பெண்கள் உள்ளாடை) வலைக் காலுறையுமாக வந்த ஆண்களைப் பார்த்துக் கூசியவர், பிறகு தானும் அப்படியே போனாராம். யாரும் யாரோடும் வெட்கமின்றி இருக்கலாம் என்று சிரிக்கச் சிரிக்கச் சொன்ன படம். அதை இப்படி நேசிப்பவர் ஏமாற்றுவாரா என்று நினைத்தேன். கமிஷன் மிச்சம் என்றார். சந்தைக்கு வெளியே, நண்பருக்குப் பணம் அனுப்பும் வழியில் 650 டாலரையும் போட்டேன். நண்பராம்!

அந்தக் காலத்தில் போஸ்டர்கள் பெரும்பாலும் மடித்துத்தான் தியேட்டர்களுக்குப் போகும். விற்றவர் முதலில் அனுப்பிய புகைப்படத்திலும் மடிப்பு தெரிந்தது. வந்ததோ குழாயில் சுருட்டிய தாள். விரித்தால் மடிப்புக் கோடு இருக்கிறது, விரலால் தடவினால் வழவழவென்று இருக்கிறது. யாரோ வைத்திருக்கும் ஒரிஜினலை ஸ்கேன் செய்து, மடிப்பையும் சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள்! அடியில் உள்ள பொடி எழுத்தெல்லாம் கலங்கிக் கிடக்கிறது. உயரம் 41 அங்குலம் இருக்க வேண்டும், 40தான் இருக்கிறது.

கேட்டதற்கு, "ஈரப்பதத்தில் மடிப்பு தளர்ந்திருக்கும்" என்றார். அச்சடித்த மடிப்பு தளருமா? அப்புறம் பதிலே இல்லை. சந்தைக்காரர்கள், பணம் எங்கள் வழியாக வரவில்லை என்று முடித்துக்கொண்டார்கள். பணம் அனுப்பும் செயலியோ நண்பருக்குக் கொடுத்ததற்குப் பாதுகாப்பு கிடையாது என்கிறது. மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் அதே வார்த்தைகள். 650 டாலர்!

எப்படிச் சரிபார்ப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. சந்தைக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள். மடிப்பைச் சாய்த்த வெளிச்சத்தில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இந்த போஸ்டர் என்றால், கீழ் ஓரத்தில் வெளியான ஆண்டைக் குறித்து 75 என்று தொடங்கும் எண்ணை நெருக்கமாகப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், அதையும் நகலெடுப்பார்கள் என்பது வேறு விஷயம். வேவர்லி கதை சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

வங்கிக்கு இன்னொரு முறை போன் செய்யப் போகிறேன்.