கூலன்ட் சென்சார் மாற்றி 26,000 கிலோமீட்டர்: கெட்டது சென்சாரே இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் எவ்வளவு சூடு என்று அளக்கும் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார் போய்விட்டது என்று 1,150 ரூபாய் கொடுத்து மாற்றினேன், ஆனால் அந்தப் பழைய சென்சார் கெடவே இல்லை. இன்னும் டாஷ்போர்டு பெட்டிக்குள் கிடக்கிறது, நாளைக்கே எடுத்து மாட்டினாலும் வேலை செய்யும். இது எனக்குப் புரிய ஐந்து மாதமும் கொடைக்கானல் மலையில் ஒரு மத்தியானமும் ஆனது.

வண்டி 2011 மாடல் பெட்ரோல் ஹாட்ச்பேக், இரண்டாவது கையாக வாங்கியது, திண்டுக்கல்லில் ஓடுகிறது. மீட்டரில் டெம்பரேச்சர் முள் கிடையாது. எஞ்சின் குளிர்ந்திருந்தால் ஒரு நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான்.

ஜனவரியில் ஆரம்பித்தது. லிட்டருக்கு 15 கொடுத்துக்கொண்டிருந்த வண்டி 11க்குக் கீழே வந்தது. காலையில் ஒரே செல்ஃபில் எடுத்துவிடும், அதில் குறையே இல்லை. ஆனால் நல்லா ஓடிச் சூடான பிறகு பெட்ரோல் பங்கில் அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் சுற்றுகிறதே தவிர பிடிக்காது. பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பார். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால் கரும்புகையைக் கக்கிக்கொண்டு எழும். சைலன்சர் முனையில் விரலை வைத்துத் தேய்த்தால் அடுப்புக்கரி மாதிரி மை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நாலும் கறுப்பு.

மெக்கானிக் அண்ணன் பார்த்தவுடனே சொன்னார், "எஞ்சின் சூடாயிருச்சுன்னு ஈசியுவுக்குத் தெரியல சார், ஹீட் சென்சார் போயிருக்கும்." ஈசியு என்றால் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர். அவர் சொன்னதில் பாதி சரி. குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும், சூடான எஞ்சினுக்கு அது வேண்டாம். எது என்று ஈசியு தெரிந்துகொள்வது இந்தக் கட்டைவிரல் அளவு சென்சாரிடம்தான். உள்ளே இருப்பது ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் ரெசிஸ்டன்ஸ், அதாவது மின்தடை, குறையும். என் வண்டியில் இருக்கும் வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் சுமார் 320 ஓம். இந்த இறக்கத்தை வைத்துத்தான் ஈசியு கணக்குப் போடுகிறது.

சென்சாரை மாற்றி, கூலன்ட்டும் புதிதாக ஊற்றி, பிளக்கையும் சுத்தம் செய்து கொடுத்தார். அன்று சாயங்காலமே வித்தியாசம் தெரிந்தது. சூட்டில் அணைத்து அணைத்து எடுத்துப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் டக்கென்று பிடித்தது. மைலேஜும் ஏறியது. அப்போதே இந்த அனுபவத்தை எழுதியிருந்தால் சென்சார் மாற்றினால் எல்லாம் சரி என்று முடித்திருப்பேன், நல்லவேளை எழுதவில்லை.

மே மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும், எஞ்சினுக்குச் சுமை குறையட்டும் என்று எல்லோரும் செய்வதுபோல ஏசியை அணைத்தேன். சீசன் நேரம், பஸ்ஸுக்குப் பின்னால் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமாக ஊர்வலம். ஊத்து என்ற ஊர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பானெட் இடுக்கில் இருந்து வெள்ளையாக ஆவி, கூடவே கூலன்ட்டுக்கே உரிய அந்த இனிப்பு வாடை. ஓரம் கட்டி மீட்டரைப் பார்க்கிறேன், சிவப்பு விளக்கு எரியவில்லை. நீல விளக்கு எரிகிறது. முன்னால் வண்டி கொதிக்கிறது, மீட்டர் என்னவோ எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்கிறது.

காரணம் அப்புறம்தான் விளங்கியது. ரேடியேட்டர் ஃபேனைப் போடச் சொல்வதும் அதே சென்சாரின் கணக்குதான். ஈசியுவைப் பொறுத்தவரை எஞ்சின் குளிர்ந்து கிடக்கிறது, எதற்கு ஃபேன்? அதுவரை ஊரில் நான் தப்பித்துக்கொண்டிருந்தது ஏசியால். ஏசி ஓடினால் சூடு எவ்வளவு என்று பார்க்காமல் ஃபேனும் ஓடும். நல்லது செய்வதாக நினைத்து இருந்த ஒரே பாதுகாப்பையும் நானே அணைத்திருக்கிறேன். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கக் கூடாது என்ற புத்தி மட்டும் இருந்தது. முக்கால் மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்து, கை வைத்துப் பார்த்துத் திறந்து, தண்ணீர் ஊற்றி, ஏசியைப் போட்டுக்கொண்டே திரும்பி இறங்கினோம். பிள்ளைகள் இரண்டும் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகின்றன.

ஊருக்கு வந்ததும், ஈசியு பார்க்கும் எண்களைப் போனில் காட்டும் ஒரு புளூடூத் ஓபிடி கருவியும், ரெசிஸ்டன்ஸ் அளக்க ஒரு மல்டிமீட்டரும் வாங்கினேன். மெக்கானிக் அண்ணன் இந்தத் தடவை, "தெர்மோஸ்டாட் வால்வு திறந்தே நிக்குது போல" என்றார். எஞ்சின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அது திறந்தபடி மாட்டிக்கொண்டால் எஞ்சின் சூடாக நேரமாகும், மைலேஜ் போகும், அறிகுறிகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அந்த வண்டி நிஜமாகவே குளிர்ந்திருக்கும், மலையில் இப்படிக் கொதிக்காது. என் வண்டியில் ரேடியேட்டரின் மேல் ஓஸைக் கையால் தொட முடியவில்லை, அதே நேரத்தில் போனில் கூலன்ட் 46 டிகிரி என்று காட்டியது. அங்கேயே தெர்மோஸ்டாட்டை விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் காலை, ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டுப் பார்த்தேன். உள்ளே வரும் காற்றின் சூடு 28, கூலன்ட் 20. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும், ஒன்றிரண்டு டிகிரி முன்னே பின்னே இருக்கலாம். எட்டு டிகிரி இருக்கக் கூடாது.

பிறகு சென்சாரில் வயரைச் செருகியிருக்கும் கப்ளரைப் பிடுங்கினேன். போனில் மைனஸ் 40. இது சரிதான், வயர் அறுந்தால் அப்படித்தான் காட்டும், சிறிது நேரத்தில் பி0118 என்ற பழுதுக் கோடும் விழுந்தது. அடுத்து அந்தக் கப்ளரின் இரண்டு பின்னையும் ஒரு குண்டூசியை வளைத்து இணைத்தேன். சென்சாரே இல்லாமல் இரண்டு வயரும் நேராகத் தொட்டால் ரெசிஸ்டன்ஸ் பூஜ்யம், 130 டிகிரிக்கு மேல் காட்ட வேண்டும். எனக்கு 54 காட்டியது. அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே வயரை லேசாக அசைத்தேன். குபீரென்று 130க்கு மேல் போனது, கையை எடுத்ததும் மறுபடி 50க்கு இறங்கியது.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர், வயதானவர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கப்ளருக்குப் பின்னால் இருக்கும் ரப்பரை உரித்தார். உள்ளே ஒரு வயர், பின்னோடு சேரும் இடத்தில், பாசி பிடித்த படிக்கட்டு மாதிரி பச்சை. நகத்தால் சுரண்டினால் தாமிரம் பொடியாக உதிர்ந்தது, நாலைந்து இழைதான் பிடித்துக்கொண்டிருந்தது. "எஞ்சின் ரூமுக்குள்ள பைப் வச்சு அடிச்சீங்களா தம்பி?" என்றார். அடித்தோம். போன ஆயுத பூஜைக்கு முன்னால் வாட்டர் சர்வீஸில் விட்டபோது உள்ளேயும் பளபளவென்று வேண்டும் என்று நான்தான் கேட்டு வாங்கினேன்.

கணக்கும் உட்கார்ந்துவிட்டது. அந்தப் பச்சையில் கிட்டத்தட்ட 700 ஓம் இருந்திருக்கிறது. காலையில் சென்சாரே 1,800 காட்டும்போது மேலே 700 சேர்ந்தால் எட்டு டிகிரிதான் பிசகும். அதனால்தான் குளிர்ந்த ஸ்டார்ட்டில் குறையே தெரியவில்லை. சூட்டில் 240 காட்ட வேண்டிய இடத்தில் 940 போனால், 90 டிகிரி எஞ்சினை ஈசியு 46 என்று நம்பும். -40யும் இல்லை, 130ம் இல்லை, நடுவில் நம்பும்படியான எண் என்பதால் எஞ்சின் லைட்டும் வரவில்லை. முதலில் சென்சார் மாற்றியபோது சரியானதற்கும் இதுதான் காரணம்: கப்ளரைப் பிடுங்கிச் செருகியதில் இழைகள் கொஞ்சம் நகர்ந்து நாலு மாதம் தொட்டுக்கொண்டிருந்தன.

சந்தேகம் தீர, கொதிக்கவைத்த தண்ணீரை ஒரு பழைய டம்ளரில் ஊற்றிப் பழைய சென்சாரின் முனையை முக்கி மல்டிமீட்டரை வைத்தேன். 300 ஓமுக்குப் பக்கத்தில் ஆரம்பித்து, ஆற ஆற நிதானமாக ஏறியது. எங்கும் குதிக்கவில்லை. நல்ல சாமான். (கூலன்ட் விஷம், அந்த டம்ளரைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.)

புதுக் கப்ளர், பளிச்சென்ற தாமிரம் வரும்வரை வெட்டிய வயர், சால்டர், மேலே ஹீட் ஸ்லீவ், கூலியோடு 350 ரூபாய்.

அதற்கப்புறம் 26,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. கிளம்பி மூன்று நிமிடத்துக்குள் நீல விளக்கு அணைகிறது. டிராஃபிக்கில் நின்றால் 96ல் ஃபேன் போடுகிறது, 90 வந்ததும் நிற்கிறது. மைலேஜ் மறுபடி 15, நெடுஞ்சாலையில் அதற்கும் மேல். கொடைக்கானலுக்கு இரண்டு தடவை போய்விட்டு வந்தேன், ஒரு தடவை வேண்டுமென்றே ஏசியை அணைத்து.

ஒரே ஒரு இடைஞ்சல். சில மாதம் கழித்து சென்சாரின் கழுத்தைச் சுற்றி உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. பழைய வாஷரையே திரும்பப் போட்டிருக்கிறார்கள், அதில் கூலன்ட் கசிந்திருக்கிறது. 15 ரூபாய் வாஷரை வாங்கி நானே மாற்றினேன். அங்கே ஸ்பேனரில் பலத்தைக் காட்டக் கூடாது, உட்காருகிற இடம் அலுமினியம், மரை போய்விட்டால் செலவு எங்கேயோ போகும்.

இந்த ஆயுத பூஜைக்கும் வாட்டர் சர்வீஸில்தான் விட்டேன். பானெட்டைத் திறக்க வந்த பையனிடம் உள்ளே வேண்டாம் என்றேன். "ஃப்ரீதான் சார்" என்றான்.