விட்டாபோன்: காதுக்கு விருந்து, ஆபரேட்டருக்குத் தலைவலி

பேசும்படக் கருவி என்று பெயர் வாங்கிய விட்டாபோனுக்கு முதலில் கைத்தட்டல் வாங்கிக் கொடுத்தது பாட்டுதான். 1926 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க்கில் வார்னர் படக் கம்பெனி இதை அரங்கேற்றியபோது பெரிய படத்தில் வசனமே கிடையாது, பின்னணி இசையும் சில ஓசைகளும் மட்டும்தான். ஆனால் அதற்கு முன் ஓடிய துண்டுப்படம் ஒன்றில் ஓபரா பாடகர் மார்ட்டினெல்லி கோமாளி வேஷத்தில் பாடியதற்குத்தான் கூட்டம் சொக்கிப்போனது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதைக் கேட்டுப் பாருங்கள், உச்சத்தில் குரல் உடைந்து அழுகையாகும் இடம் இன்றைக்கும் நம்மைப் பிடித்து உலுக்குகிறது.

1913-ல் எடிசன் கொண்டுவந்த கினெட்டோபோன் என்ற பேசும்படக் கருவிக்கு இந்த யோகம் இல்லை. திரைக்குப் பின்னால் பதிந்த ஒலியைப் போடும் போனோகிராப், அரங்கின் பின்கோடியில் புரொஜெக்டர், இரண்டையும் இணைக்க நீளமாக ஒரு கயிறு! முதலில் கைதட்டிய அதே ஜனங்கள், உதடு ஒரு பக்கம் குரல் ஒரு பக்கம் போனதும் கூச்சல் போட்டார்கள். விட்டாபோனில் படமும் ஒலி பதிந்த இசைத்தட்டும் ஒரே மோட்டாரில் ஓடின, வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கின் ஆம்ப்ளிபயரும் சேர்ந்ததால் கடைசி வரிசைக்கும் கேட்டது.

சரி, குறைக்கு வருவோம். 16 அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு ரீலுக்கு ஒன்று, சுமார் 11 நிமிடம். முள் உள்ளேயிருந்து வெளியே நகரும், அம்புக்குறியில் சரியாக வைக்க வேண்டும். இருபது முறை ஓடினால் தட்டு தேய்ந்துவிடும் என்பதால் எத்தனை தடவை போட்டோம் என்று குறிக்க லேபிளிலேயே கட்டங்கள். பிலிம் எங்காவது அறுந்து நாலு பிரேம் போனால், அதே அளவு கறுப்பு பிலிமை ஒட்டியாக வேண்டும், இல்லையென்றால் எடிசன் கதைதான்.

1927 அக்டோபரில் வந்த 'ஜாஸ் சிங்கர்' முழுப் பேசும்படம் என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். பெரும்பகுதி வசனத்தை எழுத்தில் காட்டும் அட்டைதான். நடுவில் கதாநாயகன் ஜோல்சன் பாட்டை நிறுத்திவிட்டு அம்மாவிடம் சளசளவென்று பேசுகிறார், அரங்கத்தை ஆட்டியது அதுதான். அப்புறம் படம் திரும்ப ஊமையாகிவிடுகிறது, அந்த இடத்தில் எனக்கு எரிச்சலே வந்தது.

நான் தியேட்டர் வைத்திருந்தால் பாக்ஸ் படக் கம்பெனியின் மூவிடோன் கருவியைத்தான் மாட்டியிருப்பேன். ஒலி பிலிமின் ஓரத்திலேயே இருக்கும், அறுந்து ஒட்டினாலும் அடுத்த நொடியே உதடும் குரலும் சேர்ந்துவிடும். சில வருஷத்தில் வார்னரும் தட்டைக் கைவிட்டது, விட்டாபோன் என்ற பெயரை மட்டும் விடவில்லை.