பனி பார்க்க எந்த மலை? வன்னியிலிருந்து போகிறவர்களுக்கு

கிளிநொச்சியில் வளரும் பிள்ளை நேரில் பார்க்கும் பெரிய மேடு இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டுதான். அதனால் நுவரெலியாவுக்கு வான் பிடிக்கும் பேச்சு எழுந்தவுடனே, "அங்க பனி கொட்டுமா?" என்ற கேள்வி வந்துவிடும். கொட்டாது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 பாகை குறையும். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் ஒரு மலையில் பனி நிலைத்து நிற்க, அது 5000 மீற்றரளவு உயரம் இருக்க வேண்டும். இலங்கையின் மிக உயர்ந்த பிதுருதலாகலையே 2524 மீற்றர்தான். ஆனால் உறைபனி, அதாவது குளிர் இரவில் புல்லின்மேல் வெள்ளையாக உறையும் பனி, உண்டு. அதைப் பார்க்கப் போவதா, மலை ஏறப் போவதா, ஆறு பிறக்கும் இடத்தைக் காணப் போவதா என்று முதலில் முடிவெடுங்கள். மலைக்கு மலை கிடைப்பது வேறு.

பிதுருதலாகலை வயதானவர்களுக்கு ஏற்றது. உச்சிவரை வாகனம் போகும். அங்கே தொலைக்காட்சி அலைபரப்பு நிலையமும் பாதுகாப்பு வலயமும் இருப்பதால் நடந்து ஏற விடுவதில்லை. அடையாள அட்டையைக் காட்டிப் பதிந்துவிட்டு வாகனத்திலேயே போக வேண்டும். முழங்கால் வலிக்கிற அம்மம்மாவையும் நாட்டின் உச்சியில் நிற்க வைக்கலாம், அது பெரிய விஷயம்தான். ஆனால் மேகம் மூடினால் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியாது, சுற்றி நடந்து பார்க்கவும் இடம் குறைவு. தண்ணீர் என்று பார்த்தால் கீழே நகரத்திலுள்ள கிரகரி வாவிதான். அது 1873இல் வெட்டிய வாவி. குளத்தோடு வளர்ந்த நமக்கு அதில் புதுமை இல்லை.

சிவனொளிபாதமலை 2243 மீற்றர், உயரம் குறைவு, பாடு அதிகம். நல்லதண்ணிப் பக்கத்தால் ஏறினால் 5000க்கு மேற்பட்ட படிகள். மார்கழிப் பூரணை தொடங்கி வைகாசி வெசாக் வரை பருவகாலம், இரவு முழுவதும் பாதையில் விளக்கு எரியும். நள்ளிரவில் தொடங்கி விடியலுக்கு உச்சியில் நிற்பதுதான் வழக்கம். சூரியன் எழும்போது மலையின் நிழல் மேற்கே முக்கோணமாக விழும். அதைப் பார்த்தவுடன் கால்வலி மறந்துபோகும். வழியில் சீத கங்குல என்ற ஓடை வரும். அதில் நீராடிவிட்டு ஏறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஊரின் பெயரே நல்லதண்ணி! அடிவாரத்துக்குப் போகும் வழியில் மவுசாகலை நீர்த்தேக்கத்தையும் பாருங்கள். அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் அதற்குள் போய்விட்டது. நீர் வற்றும் காலங்களில் பழைய கோயிற் கட்டடங்கள் வெளியே தெரியும். இடம்பெயர்ந்து வாழ்ந்த எங்களுக்கு அந்தக் காட்சி சும்மா ஒரு காட்சியாக இராது.

இனி ஹோர்ட்டன் சமவெளி. எனக்குப் பிடித்தது இதுதான், ஆதலால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். சுமார் 2100 மீற்றர் உயரத்தில் விரிந்து கிடக்கும் புல்வெளி, 1988 முதல் தேசியப் பூங்கா. பட்டிப்பொல வழியாகவோ ஒஹிய வழியாகவோ வரலாம். உலக முடிவு என்ற செங்குத்துப் பள்ள விளிம்பையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் சுற்றிவரும் நடை 9 கிலோமீற்றருக்குச் சற்று மேல், பத்து வயதுப் பிள்ளையும் நடக்கும். காலை ஒன்பது பத்து மணிக்குள் உலக முடிவுக்குப் போய்விடுங்கள். அப்புறம் கீழிருந்து மூடுபனி ஏறிப் பள்ளத்தாக்கை மறைத்துவிடும். கால் பலமுள்ள இளசுகள் கிரிகல்பொத்தவுக்கு ஏறலாம். 2388 மீற்றர், பொதுமக்கள் காலால் ஏறக்கூடிய மிக உயர்ந்த சிகரம் அதுதான். போக ஏழு, வர ஏழு கிலோமீற்றர். வழி சேறும் வழுக்கலும்.

உறைபனியும் இங்கேதான் வாய்க்கும். உச்சியில் குளிர் அதிகம், ஆகவே உறைபனியும் உச்சியில்தான் என்று நினைப்பது இயல்பு. உண்மை வேறு. மேகமில்லாத, காற்றில்லாத இரவில் நிலம் தன் சூட்டை இழக்கும். குளிர்ந்த காற்று பாரமானது, சரிவால் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். குளத்தில் தண்ணீர் தேங்குவதைப் போலத்தான். அதனால் சமவெளியின் தாழ்ந்த புல்தரையிலும் நுவரெலியா குதிரைப் பந்தயத் திடலிலும் புல் வெள்ளையாக உறைந்து கிடக்கும்போது, மேலே மரங்கள் பச்சையாகவே நிற்கும். தை, மாசிதான் அதற்குக் காலம், அதுவும் விடியலில் மட்டும். வெயில் பட்டால் போய்விடும். நமக்கு அது அழகு. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கருகிய கொழுந்து. படம் எடுக்கும்போது அதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ஆறுகளும் இங்கே தொடங்குகின்றன. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இந்தப் பக்கத்து ஊற்றுகள்தான் தலை. பேக்கர் நீர்வீழ்ச்சியில் விழும் பெலிஹுல் ஓயா வளவையோடு சேரும். வன்னியின் கனகராயன் ஆறு மழை ஓய்ந்தால் மணலாகிவிடும். கோடையிலும் நிற்காமல் ஓடும் ஓடையில் கைவைத்து, "இந்தத் தண்ணி கொழும்புக்கா போகுது, திருகோணமலைக்கா?" என்று பிள்ளை கேட்டால், வந்த காசு சரி.

ஒரு சிக்கல், தையில் நமக்கு அரிவு வெட்டு. கால போகத்தை முடித்துவிட்டு மாசி நடுவில் கிளம்பினால் உறைபனிக்கும் வாய்ப்புண்டு, சிவனொளிபாதமலைப் பருவமும் நடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மண்சரிவுப் பயம், அப்போது வேண்டாம். இரண்டு இரவு தங்க முடிந்தால் சமவெளியையும் பிதுருதலாகலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிவனொளிபாதத்துக்குத் தனியாக இன்னொரு பயணம் வையுங்கள், களைத்த காலோடு ஏறக் கூடாது. புட்டுக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் வாழையிலையில் கட்டுங்கள், சமவெளி வாசலில் பொலித்தீனை வாங்கி வைத்துவிடுவார்கள்.