ஒற்றுக்கு ஆகாத ரோஸ்: ஹெர்பினின் 'பூக்கே தாந்தான்' மை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மையில் எழுதிய பக்கத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தால் பென்சிலில் எழுதியதோ என்றுதான் தோன்றும். கிட்டே வந்தால்தான் ரோஸ் என்று தெரியும். அதுவும் ரோஸ்மில்க் ரோஸ் இல்லை. சின்ன வெங்காயத்தை உரிக்கும்போது மேல் சருகு போனபிறகு மெல்லியதாக ஒரு தோல் வருமே, அந்த நிறம். சிவப்பு இருக்கிறது, அதை அடக்கிப் பிடித்த மாதிரி ஒரு சாம்பலும் இருக்கிறது. பிரான்ஸிலிருந்து வரும் ஜே. ஹெர்பின் ஊற்றுப்பேனா மைகளில் ஒன்று. பெயர் பூக்கே தாந்தான்.

நான் மெய்ப்பு பார்க்கிறவள். மதுரையில் வீட்டிலிருந்தபடியே சின்னப் பதிப்பகங்களுக்குச் செய்து கொடுக்கிறேன். பிரிண்ட் அவுட் எடுத்துத்தான் திருத்துவேன். திரையில் என் கண்ணுக்குப் பிழை சிக்காது. சிவப்பு மையை விட்டுவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. முதல் புத்தகம் போடுகிறவர்கள் சிவப்புக் கோடுகளைப் பார்த்ததும் வாடிப்போகிறார்கள். நீலம் போட்டால் கறுப்பு அச்சோடு ஒட்டிக்கொள்கிறது. பச்சை எனக்கு ஆகாது. பச்சை மை என்றாலே சான்றிதழ் நகலைத் தூக்கிக்கொண்டு கெஜட்டட் ஆபீசர் வீட்டு வாசலில் நின்றதுதான் ஞாபகம் வரும். அதனால்தான் இந்த ரோஸ்.

ஹெர்பின் பழைய கம்பெனி. 1670-இல் பாரிஸில் தொடங்கியது. தொடங்கியவர் இந்தியாவுக்குக் கப்பலில் வந்து போன மாலுமி என்றும், அந்தப் பயணங்களில் தெரிந்துகொண்டதை வைத்தே முத்திரை அரக்கு செய்தார் என்றும் அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். மை அப்புறம் வந்தது. இன்றைக்கு முப்பதுக்கும் மேற்பட்ட நிறங்கள். 30 மில்லி புட்டியும் உண்டு, 10 மில்லி குட்டிப் புட்டியும் உண்டு. நான் வாங்கியது 10 மில்லி.

மெல்லிய நிப் வைத்திருப்பவர்கள் இந்த மையை வாங்கவே வேண்டாம். சாயம் குறைவாகக் கலந்த மை இது. லேமி சஃபாரியில் எஃப் நிப் போட்டு எழுதினால் கோடு இருக்கிறது, நிறம் இல்லை. அதே பேனாவில் 1.1 ஸ்டப் நிப்பை, அதாவது நுனி பட்டையான நிப்பை, மாற்றினேன். அப்போதுதான் இந்த மைக்கு எதற்கு இவ்வளவு பேச்சு என்று புரிந்தது. கோடு அகலமானதும் மை தேங்க இடம் கிடைக்கிறது, தேங்கிய இடம் அடர்ந்து காய்கிறது, ஓடிய இடம் வெளிறி நிற்கிறது. ஒரே எழுத்துக்குள் இரண்டு ரோஸ்.

இதில் தமிழுக்கு ஒரு தனி லாபம். ப, ம, ய போன்ற நேர்கோட்டு எழுத்துகளில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ண, ஞ, ஐ என்று சுழி வரும் இடங்களில் கை தானாக வேகம் குறையும், அங்கே நிறம் ஏறுகிறது. ழ-வின் கீழ்க்கொக்கியில் பேனாவை எடுக்கும் புள்ளியில் ஒரு துளி நின்று காயும். அந்த இடம் மட்டும் செங்கல் நிறத்துக்குப் போய்விடுகிறது. சும்மா 'வாழைப்பழம்' என்று எழுதிப் பார்த்துக்கொண்டே ஒரு சாயங்காலம் போனது.

சரி, வேலைக்கு வருவோம். மெய்ப்பில் பாதி வேலை ஒற்று. 'எழுதி கொண்டான்' என்று வந்திருக்கும், நடுவே ஒரு 'க்' சொருக வேண்டும். 'அந்த செய்தி' என்று இருக்கும், ஒரு 'ச்' வேண்டும். ஒற்றின் உயிரே அதன் புள்ளிதான், அந்தப் புள்ளியை யாரும் நிதானமாக வைப்பதில்லை. நிப் காகிதத்தைத் தொட்டுவிட்டு ஓடிவிடும். கறுப்பு மைக்கு அந்தத் தொடுதலே போதும். இந்த மையில் புள்ளி இருக்கிறதா, காகிதத்தின் தூசியா என்று தெரியவில்லை. பக்கம் வடிவமைக்கும் தம்பி போன் செய்து, "அக்கா, இது க-வா, க்-ஆ?" என்றான். அன்றிலிருந்து புள்ளியைச் சின்ன வட்டமாகப் போடுகிறேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு ஃபாரத்துக்கு, அதாவது பதினாறு பக்கத்துக்கு, அத்தனை ஒற்றுக்கும் வட்டம் போட்டுப் பாருங்கள், மணிக்கட்டு பதில் சொல்லும்.

இதைவிடப் பெரிய சிக்கல் செல்போன். இப்போது யாரும் பிரிண்ட் அவுட்டைக் கூரியரில் அனுப்புவதில்லை. ஸ்கேன் செய்யும் ஆப்பில் படமெடுத்து பிடிஎஃப் ஆக்கி வாட்ஸாப்பில் தட்டிவிடுகிறோம். அந்த ஆப்பில் கறுப்பு வெள்ளை என்று ஒரு வசதி இருக்கும், பக்கத்தைப் பளிச்சென்று காட்டுவதற்காக. அது வெளிறிய நிறம் எல்லாவற்றையும் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும். என் திருத்தங்களும் அந்தக் கணக்கில் போய்விடும். வண்ணத்தில் எடுத்து அனுப்பினால் பிழைக்கும், கோப்பு மட்டும் கனக்கும். அந்த வடிவமைப்புத் தம்பி இரவில்தான் வேலை செய்வான். வெள்ளை எல்இடி விளக்கின் கீழ் இந்த மையில் இருக்கும் சாம்பல்தான் முன்னால் வருகிறது, ரோஸ் பின்னால் போய்விடுகிறது. ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் அதே பக்கம் வேறு மாதிரி.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு இதையும் சொல்ல வேண்டும். ஒரு கவிதைத் தொகுப்பை இந்த மையில் திருத்தி அனுப்பியிருந்தேன். எழுதியவர் கூப்பிட்டு, "திருத்தம் ரொம்ப இல்லை போலிருக்கே மேடம்" என்றார், குரலில் அத்தனை நிம்மதி. வழக்கமான அளவுதான் இருந்தது. சொல்லப்போனால் ஒரு கை கூடவே இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

காகிதத்தைப் பொறுத்தவரை, நான் எடுப்பது டிஎன்பிஎல் காப்பியர். கரும்புச் சக்கை சேர்த்துக் கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் செய்கிறார்களே, அது. ஸ்டப் நிப்பில் கோட்டின் ஓரம் லேசாகக் கலைகிறது, மை வெளிறியது என்பதால் கண்ணை உறுத்துவதில்லை. பின்பக்கம் ஊறித் தெரிவதும் குறைவு. ஷேடிங்கை, அதாவது அந்த இரண்டு ரோஸை, முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் ரோடியா மாதிரி வழவழப்பான காகிதம் வேண்டும். காப்பியர் காகிதம் மையைக் குடித்துவிடுவதால் இரண்டு ரோஸ் ஒன்றாகிவிடும்.

தண்ணீர் பட்டால் போய்விடும். டீ கிளாஸ் அடியில் இருக்கும் ஈரம் போதும். கை வியர்க்கிறவர்கள் காகிதத்துக்கு மேல் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொண்டு எழுதுங்கள். வெயில் படும் இடத்தில் சுவரில் ஒட்டவும் வேண்டாம், வெளிறிய சாயம் வெயிலுக்கு நிற்காது. இதே குணத்தால் ஒரு நன்மையும் உண்டு. பேனாவைக் கழுவுவது சுலபம். குழாய்த் தண்ணீரில் காட்டினால் நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டையிலிருந்தும் மொத்தமாக இறங்கிவிடுகிறது. திருவள்ளூர் ரங்கா எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனா ஒன்று வைத்திருக்கிறேன், ஃபில்லரால் நேரே உடம்புக்குள் மை ஊற்றுவது. அதில் ஊற்றினால் மை தாராளமாக இறங்கி நிறம் நன்றாக வருகிறது. ஆனால் அந்தப் பேனாவின் வயிறு பெரிது, 10 மில்லியில் பெரிய பங்கு ஒரே தடவையில் உள்ளே போய்விடும். பாதி பேனா வரைக்கும்தான் ஊற்றுகிறேன்.

சித்திரை வெயிலில் மூடி இறுக்கமில்லாத பேனாவில் சில நாள் விட்டுவைத்தால் நீர் ஆவியாகி மை தடித்துவிடும். மற்ற மைகளில் இது தொந்தரவு. இதில் அப்போதுதான் நிறம் எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறது.

பளிச்சென்ற ரோஸ் வேண்டுமென்றால் பைலட் இரோஷிசுகு வரிசையில் கொசுமோசு இருக்கிறது, வாட்ஸாப் ஸ்கேனிலும் நிற்கும். ஆனால் அது சிவப்பு செய்கிற அதே வேலையைத்தான் செய்யும், கொஞ்சம் சிரித்துக்கொண்டு.

30 மில்லி புட்டியின் முன்னால் பேனா வைக்க ஒரு பள்ளம் இருக்கும், மேசையில் லட்சணமாக இருக்கும். வாய் குறுகல் என்பதால் பெரிய நிப் பேனாவை முக்கி இழுக்கச் சிரமம். ஃபில்லரோ ஊசியில்லாத சிரிஞ்சோ வைத்துக்கொள்ளுங்கள். விலை கேமல் மைக்குப் பல மடங்கு. தினசரி எழுத்துக்கு, தேர்வுக்கு, காசோலைக்கு இது வேண்டாம்.

நான் வேலையைப் பிரித்துக்கொண்டேன். ஒற்று, எழுத்துப்பிழை எல்லாம் மறுபடி அடர்ந்த மைக்குப் போய்விட்டன. ஓரத்தில் ஆசிரியரிடம் கேட்கும் கேள்விகள் மட்டும் இந்த ரோஸில்: 'இந்த வரி வேண்டுமா?', 'முன் பக்கத்தில் பெயர் முருகேசன் என்று இருக்கிறதே?' அதற்கு 10 மில்லி தாராளம். தீர்ந்தால் மறுபடி அதே குட்டிப் புட்டிதான் வாங்குவேன்.